42 ஸ்டிட்ச் கற்றும் ஒரு பிளவுஸ் முடிக்கவில்லை: ஆரி வகுப்பு நடத்துபவருக்கு ஒரு பதில்

கேள்வி: நான்கு ஆண்டுகளாக வீட்டிலிருந்தபடி பிளவுஸுக்கு ஆரி (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். அக்கம்பக்கத்தில் கேட்டதால் சென்ற ஏப்ரலில் வகுப்பு தொடங்கினேன். 9 பேர் சேர்ந்தார்கள். பொருட்களோடு சேர்த்து ஆளுக்கு 2,500 ரூபாய். 42 ஸ்டிட்ச் சொல்லித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். வாரம் 5 நாள், தினம் 2 மணி நேரம். 3 மாதம் என்று ஆரம்பித்தது 4 மாதத்துக்கு இழுத்தது. கடைசி வரை வந்தவர்கள் 3 பேர். இரண்டு பேர் பாதிப் பணம் கொடுத்ததோடு நின்றுவிட்டார்கள். ஒருவர் பாதியில் விட்டுவிட்டுக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். என்னிடம் கற்ற இருவர் இதே தெருவில் என்னைவிடக் குறைந்த விலைக்கு ஆர்டர் எடுக்கிறார்கள். என் ஆர்டர்களும் அந்த நான்கு மாதம் தாமதமாயின. இப்போது மறுபடி 6 பேர் கேட்கிறார்கள். தொடரலாமா? கடை வாடகைக்கு எடுக்கலாமா? ஆன்லைனில் நடத்தினால் நல்லதா?
(ஈரோடு மாவட்ட வாசகி, பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்)

பதில்:

தொடரலாம். ஆனால் போன முறை நடத்திய மாதிரி இல்லை. ஆர்டர் ஒரு தொழில், வகுப்பு இன்னொரு தொழில். இரண்டையும் ஒரே நேரத்திலும் ஒரே கணக்கிலும் போட்டுக் குழப்பியதுதான் உங்கள் சிக்கல் முழுவதற்கும் வேர். கைத்திறனில் குறையில்லை என்பது நான்கு ஆண்டாக ஆர்டர் வந்துகொண்டிருப்பதிலேயே தெரிகிறது.

முதலில் பணம். 9 பேருக்கு 22,500 வந்திருக்க வேண்டும். இருவர் பாதியோடு நின்றதால் 2,500 போக 20,000. ரிங் (துணியை இழுத்துப் பிடிக்கும் வளையம்), ஊசி, நூல், மணி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,200 ரூபாய்க்குப் பொருள் கொடுத்திருப்பீர்கள் என்று வைத்தால் 10,800 போய்விட்டது. கையில் நின்றது 9,200. நான்கு மாதத்தில் சுமார் 80 நாள் வகுப்பு. நாளுக்கு 2 மணி நேரம், முன்னும் பின்னும் எடுத்து வைக்க அரை மணி. ஆக 200 மணி நேரம். மணிக்கு 46 ரூபாய்.

இதை உங்கள் ஆர்டரோடு ஒப்பிடுங்கள். 2,500 ரூபாய் வாங்கும் ஒரு பிளவுஸில் பொருள் 500, வேலை 20 மணி நேரம் என்றால் மணிக்கு 100 ரூபாய் நிற்கிறது. வகுப்பில் பாதிக்கும் குறைவாகத்தான் சம்பாதித்திருக்கிறீர்கள், அதற்காக ஆர்டரையும் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். என் எண்களை எடுத்துவிட்டு உங்கள் நோட்டில் இருக்கும் எண்களைப் போட்டுப் பாருங்கள். பெரிதாக மாறாது.

அடுத்தது அந்த 42. பலகையில் 42 ஸ்டிட்ச், 60 ஸ்டிட்ச், 101 ஸ்டிட்ச் என்று ஏலம் போடுவது இந்தத் தொழிலில் ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. நூலின் நிறத்தை மாற்றினால் ஒரு ஸ்டிட்ச், மணிக்குப் பதில் சம்கி வைத்தால் இன்னொரு ஸ்டிட்ச் என்று எண்ணிக்கை ஏறுகிறது. உங்களிடம் வரும் கல்யாண பிளவுஸ்களை எடுத்துப் பாருங்கள். செயின், ஜிக்ஜாக், வாட்டர் ஃபில்லிங், லோட் ஸ்டிட்ச், ஃபிரெஞ்ச் நாட், மணி வரிசை, சம்கி, கல் ஒட்டிச் சுற்றிக் கட்டுவது, ஜர்தோசி என்னும் சுருள் கம்பி வேலை. இந்த ஒன்பதுக்குள் பெரும்பாலான ஆர்டர் அடங்கிவிடும். ஒன்பதையும் கை பழகும்வரை செய்தவர் பத்தாவதைப் படம் பார்த்தே போட்டுவிடுவார். 42-ஐயும் ஒரு சாம்பிள் துணியில் தலா இரண்டு அங்குலம் போட்டவருக்கோ அழகான சாம்பிள் ஆல்பம்தான் மிச்சம். அளவு பிளவுஸைக் கையில் கொடுத்து 'இதற்குக் கழுத்து வரைந்து கொடு' என்றால் தடுமாறிவிடுவார்.

ஆகவே நீங்கள் விற்க வேண்டியது ஸ்டிட்ச் எண்ணிக்கை இல்லை. 'கடைசி வகுப்பில் உங்கள் அளவுக்கு ஒரு பிளவுஸ் வேலையை நீங்களே முடித்து எடுத்துப் போவீர்கள்' என்பதை விற்க வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டால் பாடத்திட்டம் தானாக அமையும், முடியும் தேதியும் தானாக வரும்.

24 வகுப்பு போதும். வாரம் 4 நாள், தினம் 2 மணி நேரம், 6 வாரம். முதல் 4 வகுப்பு செயின் மட்டும். அடுத்த 4 வளைவு, ஜிக்ஜாக், இலை நிரப்புவது. பிறகு 5 வகுப்பு மணி, சம்கி, கல். 3 வகுப்பு ஜர்தோசி, லோட், நாட். ஒரு வகுப்பு முழுக்க அளவெடுத்துத் துணியில் குறிப்பதும் டிரேசிங்கும் (டிசைனைத் துணியில் பதிப்பது). அடுத்த 6 வகுப்பு அவரவர் பிளவுஸ். கடைசி வகுப்பில் ஊசியே வேண்டாம், விலை போடக் கற்றுக்கொடுங்கள். வீட்டில் தினம் ஒரு மணி நேரம் பழகாதவருக்கு இந்த 24 போதாது. அதைச் சேரும் நாளிலேயே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள்.

முதல் 4 வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. பாதியில் விடுபவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் மனதளவில் விட்டுவிடுகிறார்கள். வகுப்புக்கு வருவதை நிறுத்துவது மூன்றாவது வாரம்.

ஆரி ஊசி கட்ச் பகுதியில் தோல் வேலை செய்த மோச்சிகளின் கொக்கி ஊசியிலிருந்து வந்தது. குத்தி, அடியிலிருந்து நூலைக் கொக்கியில் மாட்டி, மேலே இழுக்கும் கருவி. சாதாரண ஊசியில் தைத்துப் பழகிய கை அதையும் சாய்த்துப் பிடித்துக் கோக்கப் பார்க்கும். இதை முதல் நாளே உடைக்க வேண்டும். ஊசி துணிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும்.

கைப்பிடியில் ஊசியை இறுக்கும் திருகு இருக்கிறதல்லவா, கொக்கியின் வாயும் அந்தத் திருகும் ஒரே பக்கம் பார்க்குமாறு மாட்டச் சொல்லுங்கள். துணிக்குள் போனபின் கொக்கி கண்ணுக்குத் தெரியாது, திருகைப் பார்த்துத்தான் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறிய முடியும். தையல் போகும் திசையைத் திருகு பார்க்க ஊசியை இறக்க வேண்டும். அடியில் இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்திருக்கும் நூலைக் கொக்கியில் சுற்ற வேண்டும். ஊசியை அரை வட்டம் திருப்ப வேண்டும். பிறகு ஊசியின் வழவழப்பான முதுகு துளையின் ஓரத்தில் லேசாக அழுந்தியபடி மேலே வர வேண்டும். மாணவி நேராக மேலே இழுத்தால் கொக்கி துணி இழையைக் கவ்விக்கொள்ளும். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். நாலு பேர் வேலை செய்யும் அறையில் அந்தச் சத்தம் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று கேட்டே போய்த் திருத்தலாம்.

ஊசி மாட்டிக்கொள்வதற்கு இன்னொரு காரணம் தொய்ந்த துணி. ரிங்கில் ஏற்றிய துணியைச் சுண்டினால் 'டொம்' என்று ஒலிக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை மறுபடி இழுத்துவிடச் சொல்லுங்கள். தொய்வோடு போட்ட வேலை ரிங்கிலிருந்து எடுத்ததும் சுருங்கிக்கொள்ளும். எவ்வளவு இஸ்திரி போட்டாலும் அந்தச் சுருக்கம் போகாது.

நூல் பிரிந்து பிரிந்து வருகிறது என்றால் கொக்கி ஓர் இழையை மட்டும் பிடிக்கிறது. அடியில் நூல் தளர்ந்திருக்கும், அல்லது நூலின் தடிமனுக்கு ஊசி மிக மெல்லியதாக இருக்கும். சங்கிலி ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் வலது கையில் குறை. சங்கிலியின் கண் ஒன்று இறுக்கம் ஒன்று தளர்வு என்றால் இடது கையில் குறை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் 'இன்னும் பிராக்டிஸ் பண்ணுங்க' என்று மட்டும் சொன்னால் அவர் தவறையே பழகிக்கொண்டு வருவார்.

திருத்துவதற்கு எளிய வழி துணியைத் திருப்பிப் பார்ப்பது. நல்ல செயினின் பின்பக்கம் ஒரே அளவான சின்னக் கோடுகள் வரிசையாகத் தொட்டுக்கொண்டு போகும். முன்பக்கம் சுமாராகத் தெரிந்தாலும் பின்பக்கம் பொய் சொல்லாது. சில்க் நூலில் ஒரு அங்குலத்துக்கு 10 சங்கிலி, 10 அங்குலக் கோடு, நிறுத்தாமல் 5 கோடு. இது வந்த பிறகே அவர் கையில் மணியைக் கொடுங்கள். 'எப்போ கல் வைக்கலாம்?' என்று முதல் நாளே கேட்பார்கள். அசைந்து கொடுக்காதீர்கள்.

கோட்டின் முடிவில் முடிச்சுப் போட்டுப் பூட்டுவதையும் முதல் நாளே பழக்குங்கள். செயின் தையலில் கடைசிக் கண் விட்டால் ஒரே இழுப்பில் கோடு முழுவதும் அவிழ்ந்து வந்துவிடும். மணி வரிசையில் இது இன்னும் ஆபத்து. ஐந்தைந்து மணியாகப் பூட்டாமல் 40 மணியை ஓட்டிவிட்டு, கல்யாண மண்டபத்தில் வளையலில் சிக்கி ஒரு கண் அறுந்தால், சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் பிளவுஸ் கையின் வேலை முழுவதும் உதிர்ந்துவிடும்.

17-ஆம் வகுப்பைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பல இடங்களில் இதைச் சொல்லியே தருவதில்லை, வெளியே போய் ஆர்டர் எடுத்தவர்கள் முதல் அடி வாங்குவது இங்கேதான். அளவு பிளவுஸை வைத்துத் துணியில் கழுத்து, கை, தோள் எல்லாம் வரைந்த பிறகு தையலுக்கு விடும் ஓரத்தையும் தனிக் கோடாக வரைய வேண்டும். கழுத்தில் பைப்பிங் வர அரை அங்குலம், கையின் அடியில் மடிக்க ஒரு அங்குலம். மணியோ கல்லோ அந்த ஓரத்துக்குள் விழுந்தால் டெய்லரின் மெஷின் ஊசி ஒடியும். அவர் மணியை உடைத்துவிட்டுத் தைப்பார், அதற்குப் பக்கத்து மணி கழன்று வரும், பழி ஆரி போட்டவருக்கு. அப்புறம் இரண்டு கை. டிசைனை ஒரே பக்கமாக இரண்டு முறை பிரதி எடுத்தால் இரண்டும் ஒரே கைக்குத்தான் ஆகும். ஒன்றைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப வேண்டும். டிரேசிங் தாளின் மூலையில் 'வலது', 'இடது' என்று எழுதுவதைப் பழக்கமாக்கிவிடுங்கள். தாளில் முன்பக்க வளைவு எது என்பதையும் அம்புக்குறியிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

டிரேசிங்குக்குத் துளைபோட்ட பட்டர் பேப்பரில் மண்ணெண்ணெயும் பவுடரும் தேய்ப்பதுதான் பழைய முறை. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்டது. கிடைத்தாலும் பஞ்சைப் பிழியாமல் தேய்த்தால் பட்டில் பரவிக் கறையாகும். ஆறு பேர் உள்ள அறையில் அதைத் திறந்து வைப்பதும் நல்லதில்லை. கற்பவர்களுக்கு மஞ்சள் கார்பன் தாளே போதும். சூட்டில் மறையும் பேனா சுலபம்தான், ஆனால் அடர்நிறப் பட்டில் வெள்ளைத் தடம் நின்றுவிடுவது உண்டு. ஓரத்துத் துணியில் போட்டு இஸ்திரி வைத்துப் பார்த்த பிறகே உள்ளே வரையச் சொல்லுங்கள்.

பழகும் துணி டூ பை டூவாக (சாதாரண பருத்தி பிளவுஸ் துணி) இருக்கட்டும். சாட்டின், ஜார்ஜெட், பட்டு எதையும் முதல் மாதம் தொடவிடாதீர்கள். வழுக்கும், துளை தெரியும், மனம் நோகும்.

இனி எத்தனை பேர். ஒன்பது அதிகம். கற்பவரின் இடது கை துணிக்கு அடியில் இருக்கிறது. நீங்கள் குனிந்து பார்த்தால்தான் தவறு தெரியும். 2 மணி நேரத்தில் ஒவ்வொருவரிடமும் மூன்று முறையாவது போக வேண்டும், போகும் ஒவ்வொரு முறையும் 5, 6 நிமிடம். அதற்கு ஆறு பேர்தான் கணக்கு. ஏழாவது ஆள் கேட்டால் அடுத்த பேட்ச்.

கட்டணத்தை இப்படிப் போடுங்கள். 24 வகுப்பு, 48 மணி நேரம். முன்னும் பின்னும் அரை அரை மணி, 24 மணி நேரம். சாம்பிள் வரைவது, போனில் பதில் சொல்வது என்று 8. மொத்தம் 80 மணி நேரம். சொல்லிக்கொடுப்பது ஆர்டர் செய்வதைவிடத் தொண்டையும் முதுகும் வாங்கும் வேலை, அதனால் மணிக்கு 150 என்று வையுங்கள். 12,000. மின்சாரம், தேநீர், ஒடியும் ஊசி என்று 1,000. ஆக 13,000. இதை ஆறால் வகுக்காதீர்கள், நான்கால் வகுங்கள். ஆறு பேர் சேர்வதாகச் சொல்லி நாலு பேர் வருவது சாதாரணம். ஆளுக்கு 3,250. ஆறு பேரும் வந்துவிட்டால் செலவு போக 18,500 நிற்கும், மணிக்கு 230 ரூபாய்க்கு மேல். அது உங்கள் லாபம், அதற்காக யாரிடமும் கூச்சப்பட வேண்டாம்.

பொருட்களைக் கட்டணத்தில் கலக்காமல் தனி விலையில் கொடுங்கள். கைப்பிடி ஒன்று, நூலுக்கு இரண்டு ஊசி, மணிக்கு மெல்லிய ஊசி ஒன்று, ஜர்தோசிக்குச் சாதாரண ஊசி இரண்டு, டூ பை டூ ஒரு மீட்டர், சில்க் நூல் ஆறு நிறம், மணி கட்டக் காட்டன் நூல், ஜரி நூல் ஒரு கண்டு, சுகர் பீட்ஸ் இரண்டு நிறம், சம்கி ஒரு பாக்கெட், ஜர்தோசி 10 கிராம், கொஞ்சம் குந்தன் கல், துணிப் பசை சின்ன டியூப், நூல் வெட்டும் கத்தரி. மொத்தக் கடையில் வாங்கினால் 800 ரூபாய்க்குள் அடக்கப் பாருங்கள். வாங்கி வந்ததும் சிவப்பு, அரக்கு நூல்களில் ஒரு முழம் வெட்டி ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள், சாயம் போகும் நூல் மாணவிக்குக் கொடுக்கும் இந்தப் பொருள் கிட்டுக்குள் போகக்கூடாது. ரிங் ஸ்டாண்டை விற்காதீர்கள். ஆறு வாங்கி உங்களிடமே வைத்துக்கொண்டு, 500 ரூபாய் முன்வைப்புக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். தொடரப் போகிறவர் பிறகு சொந்தமாக வாங்கட்டும். போன முறை உங்களைக் கவிழ்த்ததில் பெரும்பங்கு இந்த ரிங்குக்கு உண்டு.

'பக்கத்துத் தெருவில் 2,500 தானே' என்பார்கள். விவாதிக்க வேண்டாம். இரண்டு நாள் அறிமுக வகுப்பு ஒன்று வையுங்கள், 500 ரூபாய், உங்கள் ஊசி, உங்கள் துணி. செயினும் ஒரு மாங்காய் புட்டாவும் மட்டும். அதற்குள் அவருக்கே தெரிந்துவிடும், இந்த வேலைக்குத் தன் கண்ணும் பொறுமையும் ஒத்துவருமா என்று. முழு வகுப்பில் சேர்ந்தால் அந்த 500-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். பாதியில் விடக்கூடியவர்களில் பெரும்பாலோர் இங்கேயே கழன்றுகொள்வார்கள். இருவருக்கும் நல்லது.

சேரும்போது பொருட்பணமும் பாதிக் கட்டணமும். மீதி எட்டாவது வகுப்புக்குள். இரண்டாவது வகுப்பு முடியும் முன் விலகினால் கட்டணம் முழுதும் திரும்பத் தரப்படும், பிரித்த பொருளுக்கு இல்லை. அதற்குப் பின் பணம் திரும்பாது, ஆனால் தவறவிட்ட வகுப்புகளை அடுத்த பேட்ச்சில் வந்து உட்கார்ந்து முடிக்கலாம். இதை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி. தெரிந்தவர்கள்தானே என்று விட்டுவிடாதீர்கள், தெரிந்தவர்களிடம்தான் பிற்பாடு பேச முடியாமல் போகும்.

எப்போது நடத்துவது என்பதில் இன்னும் பெரிய தவறு நடந்திருக்கிறது. ஏப்ரலில் தொடங்கினீர்கள். பள்ளி, கல்லூரி விடுமுறை, ஆள் கிடைப்பார்கள், சரி. ஆனால் சித்திரையும் வைகாசியும் முகூர்த்த மாதங்கள், உங்கள் ரிங்கில் ஏறக் கல்யாண பிளவுஸ் வரிசையில் நிற்கும் நேரம். ஆர்டர் தாமதமானதில் ஆச்சரியமே இல்லை. பிளவுஸ் வேலைக்கான நாட்காட்டி கல்யாண நாட்காட்டிக்கு மூன்று நான்கு வாரம் முன்னே ஓடும். மார்கழியில் கல்யாணம் இல்லை என்று வகுப்பு வைக்க நினைப்பீர்கள். தைக் கல்யாணத்து பிளவுஸ் எல்லாம் மார்கழியில்தான் கைக்கு வரும், வைக்காதீர்கள். ஆடிக்கு ஆர்டர் குறைவது ஆனி பாதியிலேயே தெரியும், ஆவணி ஆர்டர் ஆடி கடைசியில் வரத் தொடங்கும். ஆகவே ஆனி 15 வாக்கில் தொடங்கி ஆடி முடிவதற்குள் ஒரு பேட்ச். ஆவணி நடுவில் தொடங்கிப் புரட்டாசி கடைசிக்குள் இன்னொன்று, தீபாவளி ஆர்டர் நெருக்கும் முன் முடிந்துவிடும். வருடத்துக்கு இரண்டு முழு பேட்ச். போதும். கோடையில் கேட்கும் கல்லூரிப் பெண்களுக்கு அந்த இரண்டு நாள் அறிமுக வகுப்பை மட்டும் நாலைந்து முறை நடத்துங்கள்.

நேரம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு 11 முதல் 1 வரை. ஆர்டர் கொடுக்க, வாங்க வருபவர்களுக்கு மாலை 4 மணிக்கு மேல் என்று வாசலில் எழுதி ஒட்டுங்கள். வகுப்பு நடுவே அளவெடுக்க எழுந்தீர்களென்றால் ஆறு பேரின் காசு வீணாகிறது.

வாடகைக்குக் கடை? வேண்டாம். மேலே சொன்ன வரவில் வாடகையைக் கழித்துப் பாருங்கள், வருடத்தில் 12 வாரம் நடக்கும் வகுப்புக்கு 12 மாத வாடகை கட்டுபடி ஆகாது. 10-க்கு 12 அடி அறையில் ஆறு ரிங் ஸ்டாண்ட் அடங்கும். ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழும்படி உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் ஊசி பிடித்த வலது கையின் நிழல் தையல் மேலேயே விழும். மஞ்சள் விளக்கில் தங்க நிற ஜரியும் பழைய தங்க நிற (ஆன்டிக்) ஜரியும் ஒன்றுபோலத் தெரியும், வெள்ளை எல்இடி போடுங்கள். தரையில் உட்கார்ந்து குனிந்தால் இரண்டாம் வாரமே முதுகுவலி என்று இருவர் நிற்பார்கள், ரிங்கின் உயரம் முழங்கைக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி நாற்காலி பாருங்கள்.

ஆன்லைன் இப்போது வேண்டாம். காரணம் அதே இடது கை. மேலிருந்து எடுக்கும் வீடியோவில் துணிக்கு அடியில் நடப்பது தெரியாது. நேர் வகுப்பில் இரண்டு பேட்ச் முடித்து, எந்தத் தவறு யாருக்கு எந்த நாளில் வருகிறது என்று உங்கள் நோட்டில் சேர்ந்த பிறகு யோசிக்கலாம். அப்போதும் அடியில் ஒரு போன், மேலே ஒரு போன் என்று இரண்டு கோணம் வேண்டும். வீட்டுப்பாடமாகத் துணியின் பின்பக்கப் படத்தைத்தான் அனுப்பச் சொல்ல வேண்டும்.

இப்போது உங்களை உண்மையில் உறுத்தும் விஷயம், தெருவில் குறைந்த விலைக்கு எடுக்கும் அந்த இருவர். அவர்களோடு விலையில் இறங்கிப் போட்டி போடாதீர்கள். அவர்கள் விலை குறைத்திருப்பது திறமையால் இல்லை, தங்கள் மணிநேரத்தைக் கணக்கில் சேர்க்காததால். அதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டது வகுப்பின் குறை. கடைசி வகுப்பு முழுவதையும் விலை போடுவதற்கு ஒதுக்கச் சொன்னது இதனால்தான். பொருள், மணிநேரம், டிரேசிங், அவசர ஆர்டருக்குக் கூடுதல், கழன்ற மணியைத் திரும்பக் கட்டித்தர ஒரு பங்கு என்று ஐந்து வரி எழுதவைத்து, அவர் செய்த பிளவுஸுக்கே பில் போடச் சொல்லுங்கள். தெருவில் ஐந்து பேர் சரியான விலை சொன்னால் ஐந்து பேருக்கும் நல்லது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வைகாசியில் உங்களிடம் 15 ஆர்டர் வந்தால் தனியாக எத்தனை முடிப்பீர்கள்? நன்றாகக் கற்றவரை அந்த மாதம் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தை நீங்கள் செய்யுங்கள், கையின் நிரப்பு வேலையை அவரிடம் கொடுங்கள். ஒரு பிளவுஸில் கூலியாக 2,000 நிற்கிறது, பிளவுஸ் கைகளின் வேலை அதில் பாதி என்றால் அந்தப் பாதியில் 700, 800 அவருக்கு. வாடிக்கையாளரைப் பிடித்தது, வரைந்தது, சரிபார்த்தது, கெட்டால் பதில் சொல்வது உங்கள் பங்கு. துண்டுக் கணக்கில் பேசி, வேலையை ஒப்படைத்த அன்றே பணம் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வாடிக்கையாளரின் பட்டுத் துணியை 'பிராக்டிஸ்' என்று மாணவிகளிடம் சும்மா கொடுத்துச் செய்ய வைப்பது சில இடங்களில் நடக்கிறது. கற்கக் காசு கொடுத்தவரிடம் கூலியில்லாமல் வேலை வாங்குவது அது. தவிர, பட்டில் ஆரி ஊசி போட்ட துளை தவறான இடத்தில் விழுந்தால் அழியாது, 800 ரூபாய் துணிக்கு நீங்கள்தான் கடன்காரர்.

சான்றிதழ் கேட்பார்கள். நீங்கள் அச்சடித்துக் கொடுக்கலாம், அதற்கு அரசு மதிப்பு கிடையாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். கிராமப்புறத்தினருக்கு வங்கிகள் நடத்தும் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சி இலவசம், சான்றிதழோடு கடனுக்கும் வழிகாட்டுவார்கள். அது தேவைப்படுபவரை அங்கே அனுப்புவதில் உங்களுக்கு நட்டமில்லை.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பான் எண்ணும் போதும், அரசுத் தளத்தில் பதிய ஒரு பைசா கட்டணம் இல்லை, 'பதிந்து தருகிறேன்' என்று ஆயிரம் கேட்பவரிடம் போகாதீர்கள். வகுப்பு, ஆர்டர் எல்லாம் சேர்ந்து ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தொடாதவரை ஜிஎஸ்டி பற்றிக் கவலை வேண்டாம். முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 வரை ஈடில்லாமல் கடன் உண்டு. ஆனால் ஆறு ரிங்குக்கும் ஆறு கிட்டுக்கும் கடன் தேவையில்லை, சேர்பவர் கொடுக்கும் முன்பணமே அதற்குப் போதும். வகுப்புப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கும் தனி யுபிஐ-யும் வைத்துக்கொள்ளுங்கள், ஆர்டர் முன்பணம் அதற்குள் வரக்கூடாது.

பணம் திருப்பிக் கேட்பவர் விஷயம். போன முறை எழுத்தில் விதி எதுவும் இல்லை, அதனால் 'தரமாட்டேன்' என்று சொல்ல உங்களுக்குப் பிடிமானம் இல்லை. அவர் வந்த நாட்களுக்கான பங்கையும் கொடுத்த பொருளையும் கழித்து மீதியைக் கொடுத்துவிடலாம். அல்லது அடுத்த பேட்ச்சில் கட்டணமில்லாமல் வந்து முடிக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள், பலர் இதையே எடுத்துக்கொள்வார்கள். அப்படி வந்தால் அவரும் அந்த ஆறு இடத்தில் ஒன்று, ஏழாவது நாற்காலி போட வேண்டாம். பாதிப் பணத்தோடு நின்ற இருவரிடம் பாக்கி கேட்டு அலைய வேண்டாம், வராத வகுப்புக்கு யாரும் தரமாட்டார்கள்.

இப்போது கேட்கும் 6 பேரிடம் அறிமுக வகுப்புக்கு ஒரு தேதி சொல்லி 500 ரூபாய் வாங்கிப் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். பணம் கொடுத்து எத்தனை பேர் பெயர் எழுதுகிறார்கள் என்று பார்த்த பிறகு ரிங் வாங்கப் போங்கள்.